இயக்குநர் குழுவில் இடம் தேடும் பெண்களுக்கு: படிகள், ஆவணங்கள், செலவு, காலம்

நிதி, சட்டம், மனிதவளம், தொழில்நுட்பம், உற்பத்தி என ஏதேனும் ஒரு துறையில் பல ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்துவிட்டு, அடுத்ததாக ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர விரும்பும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வழியில் நான் வந்தபோது எந்தப் படிவத்தை யார் தர வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குப் பணம் கட்ட வேண்டும், எதற்குக் கட்டத் தேவையே இல்லை என்று தொகுத்துச் சொல்ல ஆளில்லை. இந்தியாவில் உள்ள நடைமுறையை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தப் பதவிகளுக்குப் பெரும்பாலும் விளம்பரம் வருவதில்லை. இடம் காலியாகிறது என்ற செய்தி வெளியே வரும்போது அந்த இடத்துக்கான பெயர் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். ஆகவே தகுதிக்கான ஆவணங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதும், காலியாகப் போகும் இடத்தை நீங்களே கணித்து அறிவதும்தான் உங்கள் கையில் உள்ளவை.

1. எந்த வகைக் குழு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா நிறுவனங்களுக்கும் இல்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களில் செலுத்தப்பட்ட மூலதனம் ரூ.100 கோடியையோ விற்றுமுதல் ரூ.300 கோடியையோ எட்டியவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். அந்தப் பெண் வெளியாளாக இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை என்பதால், புரமோட்டரின் (நிறுவனத்தைத் தொடங்கித் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின்) மனைவியோ மகளோ அந்த இடத்தில் அமர்ந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். எனவே ‘பட்டியலிடப்பட்ட நிறுவனம் எல்லாவற்றிலும் பெண்ணுக்கு ஓர் இடம் காத்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நிலைமையை மாற்றியது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிதான். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 500 இடங்களில் இருப்பவை 2019 ஏப்ரல் 1 முதலும், முதல் 1000 இடங்களில் இருப்பவை 2020 ஏப்ரல் 1 முதலும், குறைந்தது ஒரு பெண்ணைச் சுயேச்சை இயக்குநராக, அதாவது நிறுவனத்தோடும் அதை நடத்துபவர்களோடும் வேலை, பணம், உறவு வழியான தொடர்பில்லாத இயக்குநராக, வைத்திருக்க வேண்டும். குடும்பத்தோடு தொடர்பில்லாத பெண்களுக்கு உண்மையில் கதவு திறந்திருப்பது இந்த ஆயிரத்தில்தான். அதே காரணத்தால் போட்டியும் இங்கேதான் மிகுதி. ஏற்கெனவே வேறு குழுக்களில் இருப்பவர்களையே நிறுவனங்கள் மீண்டும் மீண்டும் நாடுகின்றன.

முதல் இடத்தைத் தேடுபவர்கள் பலரும் கவனிக்காமல் விடுவது, பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களை. செலுத்தப்பட்ட மூலதனம் ரூ.10 கோடி அல்லது அதற்கு மேல், விற்றுமுதல் ரூ.100 கோடி அல்லது அதற்கு மேல், கடன்களும் கடன் பத்திரங்களும் வைப்புத்தொகைகளும் சேர்ந்து ரூ.50 கோடிக்கு மேல் என்ற மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அந்த நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும். முழு உரிமைத் துணை நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பெண் என்ற ஒதுக்கீடு இந்த அளவில் இல்லை. ஆனால் தகுதியான ஆள் கிடைப்பது அரிதாக இருப்பதால், முதல்முறை வருபவரையும் இவர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். என் கருத்தில் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

வங்கிகள் தனி உலகம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒரு வங்கியின் இயக்குநர்களில் 51 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் கணக்கியல், வேளாண்மை, ஊரகப் பொருளாதாரம், கூட்டுறவு, சட்டம், சிறுதொழில் போன்ற துறைகளில் சிறப்பறிவோ நடைமுறை அனுபவமோ உள்ளவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது வேளாண்மை மற்றும் ஊரகப் பொருளாதாரம், கூட்டுறவு, சிறுதொழில் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இந்தத் துறைகளில் பணியாற்றிய பெண்கள் தங்களுக்கும் வங்கிக் குழுவுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் ‘தகுதியும் பொருத்தமும்’ உறுதிமொழியை மட்டும் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும்.

பொதுத்துறை நிறுவனங்களில் நியமனம் அரசின் கையில் இருக்கிறது. துறைக்குரிய அமைச்சகத்திலிருந்து பெயர் மேலே போக வேண்டும் என்பதால் காலக்கெடு எதையும் எதிர்பார்க்காதீர்கள். பிரைவேட் லிமிடெட் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்குச் சுயேச்சை இயக்குநர் கட்டாயமில்லை. முதலீட்டாளர் தரப்பில் நியமன இயக்குநராகச் செல்வதே அங்கே வழக்கமான வழி. ஆலோசனைக் குழுவில் சேருவது வேறு: டின் எண் (இயக்குநர் அடையாள எண்) தேவையில்லை, சட்டப் பொறுப்பும் இல்லை, ஆனால் அது இயக்குநர் அனுபவமாகக் கணக்கில் வராது.

2. உங்கள் பெயரில் பழைய நிறுவனம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்

பெண்கள் மிகுதியாகச் சிக்கும் பொறி இது. கணவரோ தந்தையோ சகோதரரோ எப்போதோ தொடங்கிய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில், இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்பதற்காக உங்கள் கையொப்பத்தையும் வாங்கியிருப்பார்கள். அந்த நிறுவனம் தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் ஆண்டுக் கணக்கையோ ஆண்டு விவர அறிக்கையையோ தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால், கம்பெனிகள் சட்டத்தின் 164(2) பிரிவின்படி அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு வேறெந்த நிறுவனத்திலும் நியமனம் பெற முடியாது. 2017ஆம் ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் இப்படித் தகுதியிழந்தார்கள். ‘எனக்கு எதுவும் தெரியாது, பெயருக்குத்தான் இருந்தேன்’ என்ற விளக்கம் கம்பெனிப் பதிவாளரிடம் செல்லாது.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் உங்கள் பெயரையும், இருந்தால் டின் எண்ணையும் தேடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. செயல்படாத நிறுவனம் இருந்தால் நிலுவைத் தாக்கல்களை முடித்து, முறைப்படி விலகி, விலகியதற்கான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். தாமதக் கட்டணம் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு ரூ.100 என ஏறும் என்பதால், பல ஆண்டு நிலுவை இருந்தால் தொகை லட்சங்களில் போய் நிற்கலாம். ஏற்கெனவே டின் எண் வைத்திருப்பவர்கள் அதற்கான கேஒய்சியை உரிய காலத்தில் முடிக்கத் தவறியிருந்தால் எண் செயலிழந்திருக்கும், மீட்க ரூ.5,000 ஆகும்.

3. பெயரைச் சீர்படுத்துங்கள்

சிறிய வேலைதான், ஆனால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் வேலை. பான் அட்டையில் இனிஷியல் விரிந்து தந்தை பெயராக இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும், கடவுச்சீட்டில் வேறொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். இயக்குநர் தொடர்பான படிவங்கள் பான் விவரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். திருமணமானவர்களும் தந்தை பெயரையே தர வேண்டும். எனவே பானை அடிப்படையாக வைத்து மற்ற ஆவணங்களைத் திருத்துங்கள், அல்லது பானையே முதலில் திருத்திவிடுங்கள். நிறுவனம் ஒன்று உங்களை அழைத்த பிறகு இதைத் தொடங்கினால் அவர்களுடைய குழுக் கூட்டத் தேதி தவறிப்போகும்.

4. சுயேச்சைத் தன்மைக்கான பட்டியலைத் தயாரியுங்கள்

சுயேச்சை இயக்குநர் என்றால் நேர்மையானவர் என்பது மட்டும் பொருளல்ல. சட்டம் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அந்த நிறுவனத்திலோ அதன் குழும நிறுவனங்களிலோ கடந்த மூன்று நிதியாண்டுகளில் நீங்கள் ஊழியராக இருந்திருக்கக் கூடாது. அதே காலத்தில் அதன் தணிக்கை நிறுவனத்தில் தொழில் கூட்டாளியாகவோ பணியாளராகவோ இருந்திருக்கக் கூடாது. உறவினர்களோடு சேர்த்து 2 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை வைத்திருக்கக் கூடாது. பணத் தொடர்பைப் பொறுத்தவரை கம்பெனிகள் சட்டம் முந்தைய இரண்டு நிதியாண்டுகளையும், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான செபி விதி மூன்று நிதியாண்டுகளையும் பார்க்கிறது.

இதில் இடறுவது உறவினர் பகுதிதான். சட்டத்தில் உறவினர் என்பது கணவர், பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரர், சகோதரி ஆகியோரையும் கூட்டுக் குடும்ப உறுப்பினர்களையும் உள்ளடக்கும். உங்கள் தம்பியின் அச்சகம் அந்த நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி விற்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொருவரின் பெயர், தொழில், அவர் பங்கு வைத்துள்ள நிறுவனங்கள், முக்கிய வாடிக்கையாளர்கள் என ஒரு பட்டியலை எழுதி வையுங்கள். குடும்பத்தில் இதைக் கேட்பது சங்கடம்தான். ஆனால் பின்னாளில் ‘சுயேச்சை இல்லை’ என்று தெரிந்து பதவி விலகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முழுநேர வேலையில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். வாய்மொழி ஒப்புதல் மேலதிகாரி மாறும்வரைதான் செல்லும்.

5. தரவு வங்கியில் பதிவு செய்து தேர்வை முடியுங்கள்

சுயேச்சை இயக்குநராக விரும்பும் எவரும் நியமனத்துக்கு முன்பே மத்திய அரசின் சுயேச்சை இயக்குநர் தரவு வங்கியில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். இதை மானேசரில் உள்ள ஐஐசிஏ (இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனம்) நடத்துகிறது. கட்டணம் ஓர் ஆண்டுக்கு ரூ.5,000, ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.15,000, வாழ்நாளுக்கு ரூ.25,000, ஜிஎஸ்டி தனி. ஓர் ஆண்டுப் பதிவு மலிவாகத் தெரிந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேடலே ஓராண்டைத் தாண்டிவிடும். காலம் முடிந்து 30 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும். பதிவுக்குப் பான் போதும், டின் எண் இருந்தால் மட்டும் குறிப்பிட வேண்டும்.

பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் இணையவழித் திறனறித் தேர்வில் 50 சதவீதம் பெற்றுத் தேற வேண்டும். கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தைச் சட்டம், அடிப்படைக் கணக்கியல் ஆகியவற்றிலிருந்து கொள்குறி வினாக்கள் வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அச்சப்பட ஒன்றுமில்லை; கணக்கியல் படிக்காதவர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்கினால் போதும். பத்து ஆண்டுகள் தொழில் நடத்திய வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், கம்பெனி செக்ரட்டரி, செலவுக் கணக்காளர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ‘தொழில் நடத்திய’ என்பதைக் கவனியுங்கள்: பட்டம் பெற்று நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்த ஆண்டுகள் இதில் சேராது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்திலோ, ரூ.10 கோடிக்குக் குறையாத மூலதனமுள்ள பட்டியலிடப்படாத பப்ளிக் நிறுவனத்திலோ மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இயக்குநராக இருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் ‘இயக்குநர் சான்றிதழ்’ தருவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் உங்களைத் தேடி வரும். சட்டம் கேட்பது தரவு வங்கிப் பதிவையும் அந்தத் தேர்வையும் மட்டுமே. வேறெந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை. அறிவுக்காகப் படிப்பது நல்லது. இடம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் பெரும் பணம் கட்டாதீர்கள்.

6. காலியாகப் போகும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்

சுயேச்சை இயக்குநரின் ஒரு பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே யார் எப்போது போக வேண்டும் என்பது ஆண்டறிக்கையைப் படித்தாலே தெரிந்துவிடும். 2019, 2020ஆம் ஆண்டுகளில் செபி விதிக்காக நியமிக்கப்பட்டு, இரண்டாம் முறையும் தொடரும் பெண்கள் 2029, 2030ஆம் ஆண்டுகளில் கட்டாயமாக இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அந்த நிறுவனங்களின் நியமனம் மற்றும் ஊதியக் குழு (இயக்குநர்களைத் தெரிவு செய்யும் துணைக்குழு) அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே பெயர்களைத் தேடத் தொடங்கும்.

பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நிறுவன ஆளுகை அறிக்கை என்ற பகுதி இருக்கும். குழுவுக்குத் தேவையான திறன்கள் எவை, எந்த இயக்குநரிடம் எந்தத் திறன் உள்ளது என்பதை அதில் வெளியிட வேண்டும் என்பது செபி விதி. என்னைக் கேட்டால், தேடலில் மிகவும் பயனுள்ள பக்கம் இதுதான். சைபர் பாதுகாப்பு என்ற தலைப்புக்கு எதிரே ஒருவர் பெயர் மட்டுமே இருந்து, அவருடைய பதவிக்காலமும் அடுத்த ஆண்டு முடிகிறது என்றால், அந்த நிறுவனத்துக்கு எது தேவைப்படப் போகிறது என்பதை அதன் தலைவருக்கு முன்பே நீங்கள் அறிந்துவிடுகிறீர்கள். உங்கள் துறைக்கு நெருக்கமான இருபது முப்பது நிறுவனங்களுக்கு இப்படி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் யாரிடம் பேசுவது? தெரிவு செய்வது நியமனம் மற்றும் ஊதியக் குழு. பெயரை அங்கே கொண்டு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இப்போதைய சுயேச்சை இயக்குநர்கள், தணிக்கையாளர்கள், வழக்கறிஞர்கள், கம்பெனி செக்ரட்டரிகள், ஆள்தேடும் நிறுவனங்கள். ‘ஏதாவது இடம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எந்தத் துறை, எந்த அளவு நிறுவனம், எந்தத் திறன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

அவர்களிடம் தரும் குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வேலை தேடும்போது எழுதும் தன்விவரத்தை அப்படியே அனுப்பாதீர்கள். எத்தனை பேரை நிர்வகித்தீர்கள் என்பதைவிட, எவ்வளவு முதலீட்டு முடிவில் பங்கேற்றீர்கள், எந்த இடர்ப்பாட்டைக் கையாண்டீர்கள், தணிக்கைக் குழுவின் முன் எதை விளக்கினீர்கள் என்பதே அங்கு எடைபோடப்படும். தரவு வங்கிப் பதிவு எண்ணை முதல் பக்கத்திலேயே தந்துவிடுங்கள்.

7. ஒப்புக்கொள்ளும் முன் நிறுவனத்தைச் சோதியுங்கள்

அழைப்பு வந்த மகிழ்ச்சியில் இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்கள் உண்டு. எம்சிஏ தளத்தில் ரூ.100 கட்டினால் ஒரு நிறுவனத்தின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிவர்த்தனைகள், வரி பாக்கி, அடமானப் பதிவுகள் ஆகியவற்றைப் பாருங்கள். தணிக்கையாளர் காலம் முடியும் முன்பே விலகியிருக்கிறாரா, உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். என்னிடம் பேசிய நிறுவனமொன்று முந்தைய இயக்குநரோடு பேச வேண்டாம் என்று நயமாகச் சொன்னது. நானும் அந்த அழைப்பை நயமாக மறுத்துவிட்டேன்.

இயக்குநர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு, விலகிய பிறகும் பாதுகாப்பு தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் 1000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சுயேச்சை இயக்குநர்களுக்கு இதை எடுக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். மற்றவற்றில் நீங்கள் கேட்டால்தான் உண்டு.

8. நியமனத்தின்போது தர வேண்டியவை

டின் எண் இல்லாதவர்கள் பலர் அதை முன்கூட்டியே வாங்கிவிட முயன்று அலைகிறார்கள். ஏற்கெனவே இயங்கும் நிறுவனமொன்றில் சேர்வதற்கான டிஐஆர்-3 விண்ணப்பத்தோடு, உங்களை நியமிக்க முன்வரும் அந்த நிறுவனத்தின் குழுத் தீர்மானமும் இணைக்கப்பட வேண்டும் என்பதால், அழைப்பு வரும் முன் அதை வாங்க வழியில்லை. கட்டணம் ரூ.500. முன்கூட்டியே வாங்கி வைக்கக்கூடியது டிஜிட்டல் கையொப்பம் மட்டுமே. அதற்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

சம்மதக் கடிதம் டிஐஆர்-2, தகுதியிழக்கவில்லை என்ற உறுதிமொழி டிஐஆர்-8, பிற நிறுவனங்களில் உள்ள ஈடுபாட்டைத் தெரிவிக்கும் எம்பிபி-1, சுயேச்சைத் தன்மைக்கான அறிவிப்பு ஆகியவற்றில் நீங்கள் கையொப்பமிட வேண்டும். சுயேச்சை அறிவிப்பையும் எம்பிபி-1ஐயும் ஒவ்வொரு நிதியாண்டின் முதல் குழுக் கூட்டத்திலும் மீண்டும் தர வேண்டும். நிறுவனம் 30 நாட்களுக்குள் டிஐஆர்-12 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். செய்துவிட்டார்களா என்று நீங்களே தளத்தில் பாருங்கள்.

குழு நியமித்ததோடு வேலை முடிவதில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் அடுத்த பொதுக்கூட்டத்திலோ மூன்று மாதங்களுக்குள்ளோ, எது முந்தையதோ அதற்குள், பங்குதாரர்களின் ஒப்புதலைச் சிறப்புத் தீர்மானமாகப் பெற வேண்டும். வாழ்த்துச் செய்திகளை அதுவரை தள்ளிப்போடுவது நாகரிகம்.

9. வருமானமும் நேரமும்

ஒரு கூட்டத்துக்கான அமர்வுக் கட்டணம் ரூ.1 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. நடுத்தர நிறுவனங்களில் இதைவிட மிகக் குறைவாகவே தருவார்கள். பெண் இயக்குநருக்கும் சுயேச்சை இயக்குநருக்கும் தரும் அமர்வுக் கட்டணம் மற்ற இயக்குநர்களுக்குத் தருவதைவிடக் குறையக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். லாபத்திலிருந்து கமிஷன் பெறலாம், குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை தரும் பங்கு விருப்பத் திட்டத்தில் சேர முடியாது. கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள்.

ஆண்டுக்குக் குறைந்தது நான்கு குழுக் கூட்டங்கள் உண்டு. அவற்றோடு தணிக்கைக் குழு, மற்றக் குழுக்கள், சுயேச்சை இயக்குநர்களின் தனிக் கூட்டம் ஆகியவையும் சேரும். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்தாக வேண்டும். தொடர்ந்து 12 மாதங்களில் நடந்த எந்தக் குழுக் கூட்டத்துக்கும் வராதவர், விடுப்பு பெற்றிருந்தாலும், பதவியை இழந்துவிடுவார். ஒருவர் அதிகபட்சம் ஏழு பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் இயக்குநராக இருக்கலாம் என்றாலும், முழுநேர வேலையோடு ஒன்றுக்கு மேல் ஏற்பது கடினம். பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்கள் கவனிக்க: காலாண்டு முடிந்தது முதல் முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அந்த நிறுவனத்தின் பங்குகளை நீங்களும் உங்கள் நெருங்கிய குடும்பத்தாரும் வாங்கவோ விற்கவோ கூடாது.

10. விலக நேர்ந்தால்

சேரும்போதே விலகும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். விலகல் கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாளோ, கடிதத்தில் நீங்கள் குறித்த நாளோ, எது பிந்தையதோ அன்று விலகல் நடைமுறைக்கு வரும். பட்டியலிடப்பட்ட நிறுவனத்திலிருந்து விலகும் சுயேச்சை இயக்குநர் காரணங்களை விரிவாக எழுதி, வேறு முக்கியக் காரணம் எதுவும் இல்லை என்றும் உறுதியளிக்க வேண்டும். அது ஏழு நாட்களுக்குள் பங்குச் சந்தைக்குப் போய்ப் பொதுவெளிக்கு வந்துவிடும். ஆகவே குழுக் கூட்டத்தில் நீங்கள் தெரிவித்த மாற்றுக் கருத்து நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பின்னாளில் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தால் அந்தக் குறிப்புதான் உங்களுக்குச் சாட்சி. நிறுவனம் டிஐஆர்-12 தாக்கல் செய்யாமல் இழுத்தடித்தால், விலகல் கடிதத்தையும் அது சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் இணைத்து டிஐஆர்-11 படிவத்தை 30 நாட்களுக்குள் நீங்களே பதிவாளரிடம் தாக்கல் செய்யலாம்.